முதலில் கேட்டவர்

"அந்தத் தவளை என்னோடது, மேடம்" என்றார் வைரவன்.

ஜெசிந்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். மேகம் அறைக்குள் வரப் பார்த்தது.

மலைமேல் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மேகம் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடும். பாடம் நடத்துகிறவருக்கு முன்வரிசை முகங்கள் மட்டும் தெரியும். பின்னாலிருந்து யாராவது சந்தேகம் கேட்டால் மேகமே கேட்பதுபோல் இருக்கும்.

வைரவன் விலங்கியல் ஆசிரியர். அதே கல்லூரியில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். ஜெசிந்தா தத்துவம் சொல்லிக்கொடுத்தார். வைரவனைவிட வயதில் இளையவர்தான். இருந்தாலும் மனம் சரியில்லாத நாட்களில் வைரவன் போய் நிற்பது அவர் அறை வாசலில். ஜெசிந்தா எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது எதையோ இறக்கிவைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

"யார் இல்லைன்னாங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"எல்லாரும்."

கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு தவளை அகப்பட்டிருந்தது. நகத்தளவுதான் இருக்கும். உலகில் யாரும் அதுவரை பதிவு செய்யாத இனம். வைரவன் இரண்டு வருடம் அதோடு கிடந்தார். கட்டுரை எழுதினார், திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எழுதினார். கடைசியில் வெளிநாட்டு இதழ் ஒன்று அதை வெளியிட்டது. செய்தித்தாள்காரர்கள் மலையேறி வந்தார்கள். அந்தக் கல்லூரியைத் தேடி அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை.

அதோடு நின்றிருந்தால் சந்தோஷமாகவே போயிருக்கும். கல்லூரி நாள் நெருங்கியது. மேடையில் முதல்வர் அந்த வருடத்துச் சாதனைகளை வாசிப்பார். மாணவர்களுடையது தனி, ஆசிரியர்களுடையது தனி, முன்னாள் மாணவர்களுடையது தனி. இந்த வருடம் வாசிக்கும்படியாக இருந்தது ஒரே ஒரு தவளை.

மூன்றாம் ஆண்டு படிக்கும் மின்னல்கொடி, வைரவனோடு ஓடைக்குப் போய்வந்த பெண். அவள் பெயரும் கட்டுரையில் இருந்தது. மாணவியின் சாதனை என்று வாசித்தால் ஊர் மெச்சும் என்று முதல்வர் முடிவு செய்தார். முன்னாள் மாணவர் சங்கத்தார் விடவில்லை. வைரவன் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர், இது எங்கள் கணக்கில் வர வேண்டும் என்றார்கள். ஆசிரியர் அறையில் மட்டும் யாரும் வைரவனுக்காகப் பேசவில்லை.

அந்தக் கோபத்தில்தான் அவர் அதைச் சொன்னார். அவள் என்ன செய்தாள், என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள், அவ்வளவுதானே என்றார்.

மின்னல்கொடி கதவருகே நின்றிருந்தாள்.

மறுநாள் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். முதல்வர் சொல்லிப் பார்த்தார், விடுதிக் காப்பாளர் சொல்லிப் பார்த்தார். அவள் அழவுமில்லை, காரணம் சொல்லவுமில்லை. நாளைக் காலையில் அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போகிறார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்து வைரவன் நாற்காலியில் சாய்ந்தார்.

"அவ போறதுக்கு நான் என்ன செய்யட்டும் மேடம்? ராத்திரி பகலா உழைச்சது நான்தானே?"

ஜெசிந்தா மூலையிலிருந்த சிவப்புக் குடையை எடுத்தார்.

"நான் அந்தத் தவளையைப் பார்த்ததே இல்லை சார். கூட்டிட்டுப் போறீங்களா?"

பிற்பகல்தான். ஆனால் வெளியே எந்தப் பொழுது என்று சொல்ல முடியவில்லை. பாதை இரண்டடி தெரிந்தது, அப்புறம் இல்லை. ஓடைவரை தெரிந்த வழிதான், ஜெசிந்தா முன்னால் நடந்தார். குடையின் சிவப்பு மட்டும் மிதந்துபோனது, ஆள் தெரியவில்லை. வைரவனுக்குத் தன் கால்களே வேறு யாருடைய கால்களோபோல் இருந்தன. எங்கோ கல்லூரி மணி அடித்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து அடிப்பதுபோல் கேட்டது.

ஓடைக்கரையில் ஒரு பாறை. இருவரும் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் எதுவும் இல்லை. வெள்ளை மட்டும்.

"தண்ணி சொட்டுது" என்றார் ஜெசிந்தா.

வைரவன் புன்னகைத்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக.

"அதுதான் மேடம்."

"எது?"

"தவளை. எல்லாரும் சொட்டுற சத்தம்னுதான் நினைப்பாங்க. மேலே பாருங்க. பாறை கிடையாது, கிளை கிடையாது. சொட்டுறதுக்கு மேலே ஒண்ணுமே இல்லை."

ஜெசிந்தா குடையைச் சரித்து அண்ணாந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை.

"நீங்க இந்த வழியா எவ்வளவு காலமா வர்றீங்க?"

"படிக்கிற நாள்லேர்ந்து."

"அப்பவே தெரியுமா?"

"இல்லை. நானும் தண்ணின்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

வைரவன் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே போன்ற ஒரு நாள்தான். நண்டு சேகரிக்க வந்திருந்தார்கள். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால், மின்னல்கொடி கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சார், இந்தச் சொட்டு எங்கேயிருந்து விழுது என்றாள். அவரும் அண்ணாந்து பார்த்தார். அதன் பிறகு இருவரும் குடை விரிக்கவும் மறந்து, வெளிச்சம் போகிறவரை அங்கேயே நின்றார்கள்.

இதை அவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அவதான் முதல்ல கேட்டா" என்றார் கடைசியில்.

"அப்படிக் கேட்கணும்னு அவளுக்கு எப்படித் தோணிச்சு?"

"அது நான் சொல்லிக்கொடுத்தது." பதில் சட்டென்று வந்தது. முதலாண்டு வகுப்பில் அவர் எல்லோருக்கும் சொல்வதுதான். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்காதவரை அதற்குப் பெயர் வைக்காதே.

"உங்களுக்கு?"

"எபனேசர் சார். இங்கேதான் வேலை பார்த்தார். எங்களை இந்தக் கரையிலே கண்ணை மூடிக்கிட்டு உட்காரச் சொல்வார்."

"அவருக்கு?"

எபனேசர் சாருக்கு யார் சொன்னார்கள்? வைரவன் கேட்டதே இல்லை. சார் இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. முகத்தை நினைத்துப் பார்த்தார். மப்ளர் வந்தது, மழையில் நனைந்த கண்ணாடி வந்தது. முகம் இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.

ஒரு சொட்டு விழுந்தது.

சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. எது முதலில், எது அதைக் கேட்டுக் கூப்பிட்டது என்று பிரிக்க முடியவில்லை. சரிவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வைரவன் திடீரென்று தலையைத் திருப்பினார். மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தார். பிறகு எழுந்தார்.

"அக்கரையிலேயும் கூப்பிடுது மேடம்."

"அதுக்கென்ன?"

"அங்கே கிடையாதுன்னு கட்டுரையிலே எழுதியிருக்கோம். ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் ஒரு சத்தம்கூட இல்லை."

அவர் ஏற்கெனவே பாதையில் இறங்கியிருந்தார். விடுதி இருந்த திசையில் வேகமாக நடந்தார். நான்கு எட்டில் மேகம் அவரை மூடிவிட்டது.

"அப்ப இதை முதல்ல கேட்டது நீங்கதானே சார்?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஜெசிந்தா.

குரல் மட்டும் திரும்பி வந்தது.

"இன்னும் இல்லை மேடம். அவ வரட்டும்."