கல்லுக்குப் பதில் வந்த சொல்

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் பேசித் திரிந்தபோது, தப்பு செய்தவன் வாயில் கல் இருக்கும். ஆற்றில் இறங்கி ஒரு கூழாங்கல்லைக் கவ்வி வரவேண்டும். யாருக்குத் தீங்கு செய்தானோ அவர் முன்னால் நிற்கவேண்டும். "இறக்கு" என்று அவர் சொல்லும்வரை கல்லைக் கீழே போடக்கூடாது. வாயில் கல் இருப்பதால் அவனால் பேச முடியாது. நொந்தவர் பேசுவார், அவன் கேட்டுக்கொண்டு நிற்பான். சிலர் அரை நாழிகையில் இறக்கச் சொன்னார்கள். சிலர் இரண்டு நாள் நிறுத்தினார்கள். அது அவரவர் வலியைப் பொறுத்தது.

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. அதன் துணையைப் பருந்து கொண்டுபோய்விட்டது. சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடும். ஏரிக்குப் போய் நெஞ்சு இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரவேண்டும். போய்வருகிற நேரத்துக்குக் காவல் வேண்டும்.

பக்கத்துப் பனையில் ஒரு கிளி இருந்தது. வெள்ளைக்காரத் துரை பங்களாக் கூண்டில் ஒரு வருஷம் கிடந்து தப்பி வந்தது.

"நீ போய் வா அக்கா. கீரி வந்தா சத்தம் போடுறேன்" என்றது கிளி.

ஆள்காட்டி திரும்பியபோது மூன்று முட்டைதான் இருந்தது. கிளியின் மூக்கோரம் கோவைப்பழ விதை ஒட்டியிருந்தது.

"ஆத்துக்குப் போ" என்றது ஆள்காட்டி.

"இந்த வெயில்லயா? துரை வீட்டுல இதுக்கு ஒரு சொல் இருக்கு அக்கா. சாரி. சொன்னா முடிஞ்சுபோச்சு."

"எப்படி முடியும்?"

"எதிர்ல நிக்கிறவங்க பரவாயில்லைன்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"துரை பாஷைடீ!" என்றது சத்தம் கேட்டுக் கூடிய மைனாக்களில் ஒன்று. "பெரிய இடத்துப் பழக்கம். நாமளும் பழகிக்கிட்டா என்ன?" என்றது இன்னொன்று.

எல்லாம் ஆள்காட்டியைப் பார்த்தன. அதற்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பட்டிக்காடு என்று சிரிப்பார்களே என்று கூசி, "பரவாயில்லை" என்றது. அது செய்த தவறு அந்த ஒன்றுதான்.

மறுநாள் வெயில் இன்னும் ஏறியது. முட்டை ஓடு தொட்டால் சுட்டது. போகாவிட்டால் மூன்றும் வேகும்.

"இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். போ அக்கா."

ஆள்காட்டி தண்ணீரில் நின்றபடியே காதைப் பனையின் பக்கம் வைத்திருந்தது. சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. அந்த அமைதி பொறுக்காமல், நெஞ்சு பாதி நனைந்ததும் பறந்து வந்தது.

கீரியின் வால் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. பொட்டலில் ஓடுகள்தான் கிடந்தன.

"சாரி, அக்கா!" ஆள்காட்டியின் கால் தரையில் படும் முன்பே பனை உச்சியிலிருந்து குரல் வந்துவிட்டது.

ஏரியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துரை வீட்டுக் கிழநாய் தலையைத் தூக்கியது. "டேய், அந்தச் சொல்லை எங்க பொறுக்கின?"

"உங்க துரை வாயிலதான்."

"அவங்க ஊர்ல அது 'சோர்'னு புண்ணைச் சொல்ற சொல்லோட கூடப்பிறந்தது. ஆதியில வலிக்கிறவன்தான் அதைச் சொல்லுவான். உனக்கு எங்கடா வலிக்குது?"

கிளி சிறகைத் தூக்கிப் பார்த்தது. எங்கும் வலிக்கவில்லை. நாயிடமும் ஒரு சாரி சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

ஆள்காட்டியின் நெஞ்சிலிருந்து நீர் சொட்டி ஓடுகளின்மேல் விழுந்தது. நெடுநேரம் கழித்து அதுவே ஆற்றுக்குப் போனது. கிளி கவ்வ வேண்டிய கல்லைக் கவ்வி வந்து, முட்டை இருந்த இடத்தில் வைத்தது.

அன்று முதல்தான், காலை மிதித்தவனும் குடியைக் கெடுத்தவனும் அதே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நடக்கிறார்கள். பட்டவன் பரவாயில்லை என்கிறான். ஆள்காட்டி மட்டும் அப்படிச் சொல்வதில்லை. யாரையும் காவலுக்கு நம்பாமல், எவன் வந்தாலும் தானே கத்துகிறது. முட்டையைச் சுற்றிக் கற்களை வைத்துக்கொண்டு, கவ்வ வேண்டியவன் வருவான் என்று இன்னும் காத்திருக்கிறது.