தாய்மாமன் போனும் பக்கிரிசாமி தவிலும்

மன்னார்குடிக் கல்யாண மண்டபத்தில் அன்று மாப்பிள்ளையைவிட அதிகமாக மினுக்கியது, பெண்ணின் தாய்மாமன் குலசேகரன் கையிலிருந்த புதுப் போன்தான். நிலாவைப் பள்ளம் பள்ளமாகப் படம் பிடிக்குமாம். தண்ணீரில் விழுந்தாலும் பேசுமாம். மேடையோரம் தவிலோடு உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி இதையெல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

“சுத்தி எவ்வளவு சத்தம் இருந்தாலும் வடிகட்டிடும். என் குரல் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். நீ உயிரைக் கொடுத்து அடி, பக்கிரி! உன் தவில் கேட்டுச்சுன்னா, நானே அதைச் சுமந்துட்டு வந்து உன் வீட்ல இறக்குறேன். கேக்கலேன்னா, என் மகன் கல்யாணத்துக்கு நீ சும்மா வாசிக்கணும்!”

“ஆகட்டுங்கய்யா” என்று பக்கிரிசாமி வெளுத்து வாங்கினார். மண்டபமே அதிர்ந்தது.

குலசேகரன் துபாயிலிருக்கும் நண்பனை அழைத்துக் கத்தினார். நண்பனுக்கு மேளச் சத்தம் துளியும் கேட்கவில்லை. அந்தக் குஷியில் பேச்சு நீண்டது. தான் பெண்ணுக்குச் சீராகக் கொண்டுவந்த மோதிரத்தைப் பார்த்து அவர் குலுங்கிச் சிரித்தபோது, பக்கிரிசாமி சட்டென்று கையைத் தூக்கினார். தவிலோடு நாகஸ்வரமும் நின்றது.

“மோதிரமா? கவரிங்டா! எவன் உரசிப் பாக்கப் போறான்?”

கடைசிப் பந்தி வரை கேட்டது.

“ஏன்யா நிறுத்தினே?” என்று பல்லைக் கடித்தார் குலசேகரன்.

“நீங்கதான் ஜெயிச்சீங்கய்யா. சும்மாவே வந்து வாசிக்கிறேன். ஆனா இவ்வளவு நேரம் உங்க மானத்தைக் காப்பாத்தினது அந்தப் போன் இல்லீங்க, இந்தத் தவில்தான்.”