பாதி மாத்திரையின் நியாயம்

கடைசியில் உங்களிடம் ஒரு நியாயம் கேட்கப்படும். அவசரமில்லாமல் படியுங்கள்.

எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் நார் பாய்ந்து இறுகிப்போகிற நோய் ஒன்று உண்டு. ரத்தம் ஊற இடமில்லாததால் அந்த வேலையை மண்ணீரல் இழுத்துப் போட்டுக்கொள்ளும். செய்யச் செய்ய வீங்கும். கோவில்பட்டி லாரி டிரைவர் மாசானத்துக்கு அதுதான் வந்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே தேங்காயை வைத்துத் தைத்தது போல ஒரு கனம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. படி ஏறினால் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது.

ஊரில் இருந்த டாக்டர்கள் இரண்டு வருஷம் வாயு என்றே சொல்லி அனுப்பினார்கள். பிறகு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. நார் பாய்ந்த எலும்பில் அப்படித்தான், வராது. ஊசி போட்ட சின்ன டாக்டரோ, "ஆடாம படுத்திருந்தா வந்திருக்கும்" என்று பழியை இவர்மேல் போட்டார். மாசானம் கல்லைப் போலத்தான் படுத்திருந்தார். அந்தப் பேச்சை அவர் மறக்கவே இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேணுகா இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். சிலருக்கு நிஜ மருந்து. சிலருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். மற்றதெல்லாம் ஒரு கத்தைக் காகிதத்தில் இருந்தது. அதை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் ஒருவர் கடகடவென்று வாசித்து முடித்துக் கையெழுத்து வாங்கினார்.

மாசானத்துக்கு மருந்து கேட்டது. வீக்கம் இறங்கியது. ஒரு நாள் முழுப் பரோட்டா ஒன்றைத் தின்றுவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். அவரோடு சோதனையில் சேர்ந்த அருளப்பனுக்கு மட்டும் வயிறு அப்படியே இருந்தது. தூத்துக்குடி உப்பளத்துக்காரர், வயதில் இளையவர், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நிற்க முடிந்தது.

"எனக்கு மாவுதான் வாய்ச்சிருக்கு அண்ணாச்சி. மாவு திங்கவா பஸ் ஏறி வாரேன்? எங்க வீட்டுக்காரி இதைவிட நல்லா அரைப்பா."

மாசானம் சிரித்தார். பிறகு சிரிக்க முடியவில்லை. லாரியில் டிரைவரும் கிளீனரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி பாதி. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை இருந்தாலும் உடைத்துப் பாதி பாதி. தனியாகத் தின்கிற பழக்கம் அவருக்கு வரவே இல்லை.

"சட்டைப் பையைக் காட்டும்வே," என்று தன் குப்பியிலிருந்த மாத்திரைகளில் பாதியை அதில் கொட்டினார்.

"டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"என் நோவை வாயுன்னு சொன்ன கூட்டம்வே இது. இவங்களுக்கு என்ன தெரியப்போவுது."

அன்றிலிருந்து மாசானம் காலை மாத்திரையைத் தான் போட்டுக்கொண்டார். இரவு மாத்திரை அருளப்பனுக்கு. அருளப்பனின் வயிறு குறையவில்லை. ஆனால் மேற்கொண்டு வீங்கவும் இல்லை. மாசானத்துக்கோ மெல்ல மெல்ல வீக்கம் திரும்பியது. டாக்டர் ரேணுகா அவர் வயிற்றில் டேப் வைத்து அளந்துவிட்டுப் பழைய அளவுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா கேட்டுட்டிருந்தது, இப்ப நின்னுபோச்சு. இப்படியே போனா இந்த மருந்து உதவாதுன்னு மூடிடுவாங்க ஐயா."

மாசானம் வெளியே வந்து அருளப்பனிடம் சொன்னார். அருளப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயைத் தொறக்காதிய அண்ணாச்சி. தொறந்தா ரெண்டு பேரையும் தள்ளிருவாவ. இந்தப் பாதியிலதான் என் உசிரு ஓடுது."

மாசானம் சரி என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தவர் கொஞ்ச தூரம் நடந்தார். மருந்தையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சு கூடவே வந்தது. திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்தார். "மண்ணீரல் ஒரு அளவுக்கு மேல வீங்கிட்டா, யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பார்த்து, மாவு சாப்பிடறவங்களை நிஜ மருந்துக்கு மாத்திடுவோம் ஐயா. முதல் நாளே வாசிச்சாங்களே. அருளப்பனுக்கு வந்தது மாவுன்னா, அந்த அளவு வராம உங்க பாதிதான் பிடிச்சு வச்சிருக்கு."

பாதி கொடுத்ததால்தான் அவனுக்கு முழுசு கிடைக்காமல் போனது என்பது மாசானத்தின் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும், "அருளப்பனைக் கூப்பிடுங்க" என்றார்.

அருளப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே அண்ணாச்சிகிட்ட வாங்க மாட்டேன். வீங்கட்டும், நான் பொறுத்துக்கிடுதேன். வீங்கினதும் மருந்தைத் தந்திருங்க. நடந்ததை மட்டும் எழுதாதிய டாக்டரம்மா."

எழுதாவிட்டால் கணக்கு இப்படி நிற்கும்: மருந்து தின்றவனுக்கு மருந்து தோற்றது, மாவு தின்றவனுக்கு மாவு தாங்கியது. டாக்டர் ரேணுகா அதை யோசித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார். சோதனையின் விதிப்படி இருவரும் நீக்கப்பட்டார்கள். அந்த மருந்து அப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அருளப்பன் மாசானத்தைத் திரும்பிப் பார்க்காமல் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிப் போனார்.

இப்போது சொல்லுங்கள். பங்கு கொடுத்து, பிறகு வாக்கை மீறி உண்மையைச் சொன்ன மாசானமா, உயிருக்காக மறைக்கச் சொன்ன அருளப்பனா, இருவரும் நீக்கப்படுவார்கள் என்று தெரிந்தே எழுதிய டாக்டரா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் செய்ததுதான் சரி. அருளப்பன் தன் உயிருக்குக் கேட்டார், அதில் தப்பில்லை. ஆனால் இன்னும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல், வாயு என்று நம்பி எங்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகப் பேச அந்த அறையில் டாக்டரின் பேனாவைத் தவிர வேறொன்றும் இல்லை. மாசானம் கொடுத்தது தன் பங்கை அல்ல, இனி வரப்போகிற அந்த நோயாளிகளின் பங்கை; உண்மையைச் சொன்னபோதுதான் அதைத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தைக் கடகடவென்று வாசித்தவர் மட்டும் இன்றைக்கும் அதே நாற்காலியில் இருக்கிறார், அவரை யாரும் நீக்கவில்லை. டாக்டர் செய்தது சரி என்பதற்காக, அவரை மன்னித்துவிடு என்று அருளப்பனிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம்.