வேப்பிலை நிறைந்த குடம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோரமாகக் கிடந்த உப்பூர் நாட்டை மகிழ்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. “பட்டத்து யானைக்குப் பாவாடை தையுங்கள்” என்பான். தையற்காரன் ஊசியில் நூல் கோப்பதற்குள் “யானைக்கு எதற்குப் பாவாடை?” என்று அவனையே திட்டுவான்.

அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் உப்பளத்தில்தான் வேலை. அந்த வெயிலுக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோக முடியுமா? அதனால் பிள்ளை பார்த்துக்கொள்ள மூன்று இடங்கள் இருந்தன. ஒன்று அரண்மனையின் தொட்டில்சாலை. இன்னொன்று சத்திரத்தார் தர்மத்துக்கு நடத்திய பிள்ளைக்கூடம். மூன்றாவது, சந்தனமுத்து என்கிற வியாபாரி கூலி வாங்கி நடத்திய மாளிகை.

ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. “மூன்று எதற்கு? எது நல்லதோ அது இருக்கட்டும். மற்ற இரண்டையும் வருகிற அமாவாசையோடு மூடுங்கள்.”

சபையில் சபாரஞ்சிதர் என்று ஒரு பெரிய மனுஷர். மந்திரி குற்றாலிங்கத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். வியாபாரி சந்தனமுத்து வேறு அவருக்குச் சொந்த மச்சான். விடுவாரா? “பிரபு, அந்த வேலையை என்னிடம் விடுங்கள். தாய்மார்களையே கேட்டுவிடுகிறேன்” என்று முன்னால் வந்து நின்றார்.

மூன்று வாசலிலும் குடம் வைத்தார். பிள்ளையை வாங்க வரும் தாய்க்கு மனசு நிறைவாக இருந்தால் குடத்தில் மாவிலை போட வேண்டும், குறை இருந்தால் வேப்பிலை.

மறுநாள் சபையில் குடங்களைக் கவிழ்த்தார்கள். மாளிகைக் குடத்தில் அத்தனையும் மாவிலை. அரண்மனைக் குடத்தில் அடியில் நாலு இலை கிடந்தது. பிள்ளைக்கூடத்துக் குடத்திலோ வேப்பிலை நிரம்பி வழிந்தது!

“பார்த்தீரா, குற்றாலிங்கம்?” என்று மீசையைத் தடவினார் சபாரஞ்சிதர். ராஜா கைதட்டி, “நாளை மறுநாள் அமாவாசை. மாளிகை தவிர மற்றதற்குப் பூட்டு” என்றான்.

சேதி உப்பளத்துக்குப் போனதுதான் தாமதம், முத்துப்பேச்சி என்கிற உப்பளத்துக்காரி மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒன்றரை வயசு மகள் பவளம்.

“ஐயா, வேப்பிலை போட்டதுல நானும் ஒருத்தி. பிள்ளைய மண்ணைத் திங்க விடுறாங்கன்னு போட்டேன். சொன்னா மறுநாளே திருத்திக்குவாங்க, அதான் போட்டேன். அதுக்குப் போயி பூட்டா போடுவாங்க?”

“மாளிகையில் எல்லாரும் மாவிலைதானே போட்டிருக்கிறார்கள், அம்மா?”

“போடாம? என் தங்கச்சி இலை போடுறப்ப அவ பிள்ளை மாளிகை ஆயா இடுப்புல இருந்துச்சே. நாளைக்கும் அங்கதான விடணும்?” அவள் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “என் பவளமும் முன்னே அங்கதான் கிடந்தா. காலையில அங்க குடுக்குற பாலைக் குடிச்சிட்டு எப்பப் பார்த்தாலும் தூக்கம். கூடத்துக்கு மாத்தி இருபது நாள்தான் ஆச்சு, எந்திரிச்சு நிக்கிறா. மறுபடி அங்க விட்டா என் பிள்ளை நடக்கவே நடக்காதுய்யா.”

மந்திரி தாடையைத் தடவிக்கொண்டார். “நாளைக்குப் பிள்ளையோடு சபைக்கு வா” என்றார்.

மறுநாள் சபையில் அவர் எழுந்தார். “பிரபு, சபாரஞ்சிதர் ஜெயித்துவிட்டார். மாளிகையில் நூறு பிள்ளைகள், ஒரு சிணுங்கல் இல்லை. எல்லாம் காலையில் கொடுக்கிற பாலின் மகிமையாம். தாங்கள் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டாமா?”

ராஜாவுக்கு நாக்கு ஊறியது. “கொண்டு வாருங்கள்!”

காவலர்கள் ஓடிப்போய் மாளிகை அடுப்பிலிருந்தே பானையைத் தூக்கி வந்தார்கள். சந்தனமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. ராஜா வாயில் எது படுவதானாலும் முதலில் ஒருவர் குடித்துக் காட்ட வேண்டும், அதுதான் அரண்மனை வழக்கம். மந்திரி தாமே குடிக்கச் செம்பை எடுத்தார்.

சபாரஞ்சிதர் பாய்ந்து அதைப் பிடுங்கினார். “என் மச்சான் வீட்டுப் பால்! அந்தப் பெருமை உமக்கெதற்கு?”

“மச்சான், வேண்டாம்...” என்று சந்தனமுத்து முனகினான். யார் காதில் விழுந்தது? ஒரு செம்பு, இரண்டு செம்பு, மூன்றாவதும் மடமடவென்று உள்ளே போனது.

“அடடா, அமிர்தம்! மகாஜனங்களே, இந்த மாளிகையின் சிறப்பு என்னவென்றால்...” என்று தொடங்கினார். நீட்டி முழக்கிப் பேசிக்கொண்டே போனவருக்கு நடுவில் ஒரு கொட்டாவி வந்தது. பிறகு இன்னொன்று. “சிறப்பு... என்ன...” அப்படியே தூணில் சாய்ந்து, சறுக்கி, சபை நடுவில் கால் நீட்டிக் குறட்டை விட்டார்.

“சந்தனமுத்து, பாலில் என்ன?” ராஜாவின் குரல் இடிபோல் வந்தது.

“ஜாதிக்காயும் கசகசாவும், பிரபு. நூறு பிள்ளைக்கு ரெண்டே ஆயா. தூங்க வைக்காவிட்டால் சமாளிக்க முடியாது.”

அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சி இடுப்பிலிருந்த பவளம் நழுவிக் கீழே இறங்கினாள். சபாரஞ்சிதரின் தலைப்பாகைக் குஞ்சலம் பளபளவென்று ஆடியது. பிள்ளை அதையே பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. தள்ளாடி மூன்றாவது எட்டும் வைத்து, குஞ்சலத்தைப் பிடித்து ஒரே இழு! தலைப்பாகை கையோடு வந்துவிட்டது. முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அப்படியானால் அந்த வேப்பிலை?” என்றான் ராஜா.

“குறை சொன்னால் கேட்பார்கள் என்று நம்பிய இடத்தில்தான் பிரபு, வேப்பிலை விழுந்தது. பயந்த இடத்தில் மாவிலை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்த இடத்தில் நாலு இலைக்கு மேல் விழவில்லை. பிள்ளையைத் தாய் கையில் கொடுத்து, மறுபடி கேட்டுப் பாருங்கள்.”

கேட்டார்கள். உச்சிப்பொழுதுக்குள் மாளிகைக் குடம் வேப்பிலையால் நிறைந்தது. அரண்மனைக் குடமும்தான்! “உப்பளத்து வேலை முடியுறதுக்கு முன்னாடியே தொட்டில்சாலையைச் சாத்திடுறீங்க. பிள்ளைங்க வாசல்ல அழுதுகிட்டு நிக்குதுங்க” என்றார்கள் தாய்மார்கள். ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிள்ளைக்கூடம் தப்பியது. மாளிகையிலிருந்து பிள்ளைகளெல்லாம் கூடத்துக்கு வந்தார்கள், சந்தனமுத்து கட்டிடம் காலியாகக் கிடந்தது. மாதாமாதம் மற்ற இரண்டு குடங்களையும் கவிழ்த்துப் பார்க்கும் அதிகாரம் முத்துப்பேச்சிக்கு வந்தது. மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டான்.

“சபாரஞ்சிதருக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“இனி அரண்மனைத் தொட்டில்சாலையில் கடைசித் தாய் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான்” என்றான் ராஜா. “முழித்துக்கொண்டு!”

ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு மத்தியானமும் ராஜாவுக்கு அதே புத்திதான் இருந்தது. சபாரஞ்சிதர் கண் விழித்துத் தலையைத் தடவினார். தலைப்பாகையைக் காணோம். அதை இழுத்துக்கொண்டு பவளம் சபை வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள்.