காது நுனி

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு இன்பவல்லி, அறிவியல் கதைகள் எழுதுகிறவர். சீடர் மாசிலாமணி, தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் மனுக்களுக்குப் பதில் எழுதி ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று காலை அதன் கடைசி அத்தியாயத்தை, ஆபீஸ் கோப்பு மாதிரி டேக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு பக்கம்.

இன்பவல்லி படித்தார். மாசிலாமணி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்.

வானத்தின் மறுகோடியிலிருந்து சிலர் வருகிறார்கள். நம்மைவிடக் கோடி வருடம் முன்னால் போய்விட்டவர்கள். ஓர் இரவு நிலாவை எடுத்துப் போகிறார்கள். நாற்பது நாள் கழித்துக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள். ஓரத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் குறைகிறது. ஏன் என்று மனிதர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்கிறார்கள்.

"காரணம் ஒன்று, காரணம் இரண்டு... பதினாலு வரைக்கும் போகுதே, சார்."

"கேட்டா பதில் சொல்லணும் இல்லையா, மேடம்?"

"சொல்லிட்டாங்க. கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"இது ஆறாவது தடவை. இதுவும் தேறலைன்னா விட்டுடறேன், மேடம். ரிட்டையர் ஆகியும் மனுவுக்குப் பதில் எழுதறது நிக்கலையான்னு வீட்டுல கேக்கறா."

இன்பவல்லி தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"நிலா இல்லாத நாற்பது ராத்திரியை எழுதியிருந்தீங்களே. அதைப் படிச்சுட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். இருக்கான்னு பார்க்க."

"அதை எழுதினவனுக்கு இதை ஏன் எழுத வரலை?"

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. இன்பவல்லி தாள்களோடு எழுந்து வாசலுக்குப் போனார். மாசிலாமணியும் பின்னால் போனார்.

நாய் பிடிக்கும் வண்டி. நாலு நாள் முன்பு கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டுபோன தெருநாய் செவலையை, பிடித்த அதே விளக்குக் கம்பத்தடியில் இறக்கிவிட்டுப் போனது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டியிருந்தார்கள்.

செவலை தள்ளாடி நின்றது. தெரு நாய்கள் நாலைந்து ஓடி வந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வயிற்றுத் தையலை மோந்தன. ஒரு குட்டி பின்வாங்கியது. கிழட்டுக் கறுப்பன் மட்டும் அந்தக் காதருகே மூக்கைக் கொண்டுபோனது. எடுக்கவில்லை.

"செவலைக்குப் பேச வந்தா என்ன சொல்லும், சார்?"

"ஒரு கூண்டு. வெள்ளை ரூம். ஊசி. அப்புறம் தூக்கம். முழிச்சா மறுபடி இதே தெரு."

"ஏன் கொண்டுபோனாங்க?"

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் குனிஞ்சு பதினாலு காரணமும் சொல்லியிருந்தா?"

"சொன்னாலும் நாய்க்கு என்ன புரியும்?"

"ஒண்ணுமே எட்டாதா?"

மாசிலாமணி யோசித்தார். கறுப்பன் இன்னும் அதே காதருகில் நின்றது.

"குரல் கேட்டிருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, மெதுவாக, "கை சூடா இருந்திருக்கும். அது தெரிஞ்சிருக்கும்."

இன்பவல்லி தாள்களை நீட்டினார்.

மாசிலாமணி வாங்கிக்கொண்டார். டேக் முடிச்சை அவிழ்த்தார். இருபத்திரண்டு பக்கங்களையும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார். வெறும் கயிறு கையில் தொங்கியது.

"நிலாவை எடுத்தவங்க வாயே திறக்கக் கூடாதுன்னா, கடைசி அத்தியாயத்துல யாரை வைக்கறது?"

இன்பவல்லி விளக்குக் கம்பத்தடியைக் கை காட்டினார்.

"கறுப்பனையா? அது மோந்துகிட்டே நிக்குது, மேடம். ஒண்ணும் கண்டுபிடிச்ச மாதிரி தெரியலை. எவ்வளவு நேரந்தான் நிக்கும்?"

"நீங்க ஒன்பது வருஷம் நின்னீங்களே, சார்."