சீக்கிரம் தாரும்

"இனி என்னால ஆகாது, அக்கா. காத்துக் காத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, மற்ற பெண்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன பிறகு எப்சிபா இதைச் சொன்னாள்.

ஞானதீபம் அக்கா கோயில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். சபையில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிறவள். பேச்சு குறைவு. ஆனால் அவள் சொல்லும் ஆமென் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

"தத்தெடுக்க எழுதிக்கொடுத்துக் கிறிஸ்துமஸ் மேல கிறிஸ்துமஸ் போகுது. தொட்டில் வாங்கியாச்சு, சட்டை தைச்சாச்சு, பேரும் பார்த்து வச்சாச்சு. பிள்ளையைத்தான் காணோம்."

"ஜெபம் பண்ணுதியா?"

"பண்ணாம இருப்பேனா?"

"எங்கே, பண்ணு. கேக்கேன்."

எப்சிபா முக்காடு போட்டு முழங்காலிட்டாள். பாவம், அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. தினமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"ஆண்டவரே, பச்சைப்பிள்ளையாத் தாரும். பிறந்த உடனே என் கையில தாரும். சீக்கிரம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

அக்காவிடமிருந்து ஆமென் வரவில்லை.

எப்சிபா கண்ணைத் திறந்தாள். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஆட்டுக்குட்டிக்குச் சுகமில்லை என்று ஜெபம் பண்ணினாலும் ஆமென் சொல்லுகிறவள்! எப்சிபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, எனக்கு ஒரு ஆமென் சொன்னா வாய் சுளுக்கிடுமா?"

"பிள்ளையைப் பெத்தவளைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே, நீ."

"அவ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்துட்டாளா, இன்னும் வயித்துலதான் சுமக்காளா?"

"தெரியாது."

"இன்னைக்குச் சாப்பிட்டாளா?"

"தெரியாதுக்கா."

"பிறந்த உடனே தாரும்னு கேட்டியே, ஏட்டி. அதை அவ மூஞ்சியைப் பார்த்துக் கேப்பியா?"

பிள்ளை கர்த்தரிடமிருந்து வரும் என்றுதான் எப்சிபா இத்தனை நாளும் இருந்தாள். நடுவில் ஒருத்தி இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அக்கா வந்து பக்கத்தில் முழங்காலிட்டாள்.

எப்சிபா மறுபடி கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அவ யாரோ, எங்க இருக்காளோ. அவளுக்குச் சோறு கொடும். கூட இருக்க ஒரு ஆளைக் கொடும். பிள்ளையைத் தானே வச்சு வளர்க்க அவளுக்கு ஒரு வழி உண்டுன்னா, அந்த வழியைத் திறந்துவிடும்."

என்ன கேட்டுவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னா மாத்திச் சொல்லு, எப்சிபா."

எப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வேண்டாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."