நின்று பார்த்தவர்

கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளி விளையாட்டு ஒன்றில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவுக்கு மடம் என்று பெயர். மடம் என்று வைத்த பிறகு குரு இல்லாமல் எப்படி? டெல்பின் என்ற பெண்ணைக் குரு ஆக்கினார்கள். தூத்துக்குடியில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற வேலை அவருக்கு. முப்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் கேலிக்குத்தான் குரு என்றார்கள். அவரோடு பறந்து பார்த்த பிறகு கேலி நின்றுபோனது.

சீடர்களில் வயதில் மூத்தவர் ஆறுமுகநயினார். சங்கரன்கோவிலில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். குருவின் அப்பாவைவிடவும் பெரியவராக இருக்கலாம். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஹெட்போனில் கேட்கும் குரல்தான் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நயினார் கேட்டார்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு சொன்னேம்லா. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னுட்டாரு டாக்டர். பண்ணாட்டா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம நின்னுருமாம்.”

“எப்ப சொன்னாரு?”

“ஆனியில. ஆடி போகட்டும்னேன். அப்புறம் புரட்டாசி போகட்டும்னேன். தீபாவளியும் போச்சு. மாசத்துல என்ன இருக்கு குருவே, எல்லாம் பயந்தான். அந்த மேசையில படுக்கணும்னு நெனச்சாலே கைகால் வெலவெலத்துப் போகுது.”

“ம்.”

“பயம் போயிருச்சுன்னா அன்னைக்கே போய்ப் படுத்துருவேன். அது எப்பப் போகும்? அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் குருவுக்குக் கிடையாது.

“கப்பலை எடுங்க,” என்றார்.

இரண்டு கப்பல்களும் புறப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக நட்சத்திரங்களைத் தாண்டிப் போனார்கள். எங்கே போகிறோம் என்று நயினார் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கடைசித் தாவலில் அவருடைய திரை முழுவதும் வெளுத்தது.

நியூட்ரான் நட்சத்திரம். பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான் அதன் அகலம். எடை மட்டும் சூரியனைவிட அதிகம். அதன் இரு முனைகளிலிருந்தும் வெள்ளை ஒளி பீறிட்டு, மேலும் கீழுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஹெட்போனில் ஓயாத ஒரு ரீங்காரம். விளையாட்டுதான், பொம்மைதான் என்று நயினாருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்த நட்சத்திரத்தை ஒட்டி ஒரு கருப்புக் கோள் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்று இருக்க முடியும் என்பதே அவருக்குப் புதிது. நட்சத்திரத்துக்கு முன்னால் வரும்போது கரியாகத் தெரிந்தது. பின்னால் போனதும் காணாமல் போனது. அங்கே ஒரு வருஷம் என்பது இங்கே ஒரு பானை சோறு பொங்குகிற நேரம்.

“அந்தக் கோள் சுத்துறதப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க,” என்றார் குரு.

“எங்க நின்னு பாக்கணும்?”

“உங்க இஷ்டம்.”

நயினார் வெகு கவனமாக இடம் தேடினார். மேலே போனால் ஒளி சுழன்று வந்து அடிக்கும். கீழே போனாலும் அடிக்கும். நடுவில் மட்டும் ஒரு பட்டை இருந்தது. அங்கே ஒளி எட்டவில்லை. சூட்டைக் காட்டும் முள்ளும் பச்சையிலேயே நின்றது. கோள் மறைந்திருந்த சமயமாகப் பார்த்து அவர் அந்தப் பட்டைக்குள் போய் எஞ்சினை அணைத்தார். அந்த விளையாட்டில் எஞ்சினை அணைத்தால் கப்பல் விட்ட இடத்திலேயே நிற்கும். மறுபடி கிளப்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

“இடம் பாத்தாச்சா?”

“ஆச்சு. இங்க நிக்க ஒரு பயமும் இல்ல. ஒண்ணும் வராது.”

“கோள் எங்க?”

“அது அங்கிட்டு நட்சத்திரத்துக்குப் பின்னால போயிருக்கு.”

நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். கோளைப் பார்க்கத்தான் வந்தார். ஆனால் கண் நட்சத்திரத்தைவிட்டு நகர மறுத்தது. அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. அடுக்களையில் அவர் மனைவி பிரமு வைத்த குக்கர் விசில் அடித்தது. அவர் திடுக்கிட்டு, மவுஸை இறுக்கிப் பிடித்தார்.

“பயம் கொறஞ்சுதா அண்ணாச்சி?”

“இன்னும் இல்ல. கொஞ்ச நேரம் நிக்கேன். தானா கொறையும்.”

“சரி.”

திரையின் இடது ஓரத்தில் நாலைந்து நட்சத்திரங்கள் அணைந்தன. மானிட்டர் பழசு, கோளாறாக இருக்கும் என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் அணைந்தன. பிறகு இடப்பக்கமே இல்லாமல் போனது. அங்கே இருட்டு இருந்தது, அந்த இருட்டுக்கு ஒரு விளிம்பு இருந்தது, அந்த விளிம்பு அவரை நோக்கி வந்தது.

எஞ்சின் பொத்தானை அழுத்தினார். ‘சூடாகிறது’ என்று காட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தினார். கருப்புப் பாறையில் பள்ளங்களும் பிளவுகளும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு அது நெருங்கிவிட்டது. இன்னும் ‘சூடாகிறது’ என்றே இருந்தது.

நயினார் வீடே அதிரும்படி அலறினார்.

கப்பல் நொறுங்கித் திரை அணைந்தது. பிரமு கரண்டியோடு ஓடிவந்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் வாசல்வரை சொட்டியிருந்தது.

“நெஞ்சா? என்னங்க, நெஞ்சு வலிக்கா?”

இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. ஆனி மாசத்திலிருந்து அவள் இப்படித்தான் இருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கேம்தான் பிள்ள. ஒண்ணுமில்ல,” என்றார்.

அவள் சட்டையை விட்டாள். ஆனால் போகவில்லை. கதவோரம் நின்றாள்.

திரையில் புதுக் கப்பல் ஒன்று எங்கோ ஒரு நிலையத்தில் தயாராக நின்றது. குரு மட்டும் இன்னும் அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே இருந்தார். அவர் மைக்கின் வழியாக ரீங்காரம் கேட்டது.

“பாத்துக்கிட்டுதான இருந்திய? ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்று கோபப்பட்டார் நயினார்.

“கோள் எங்கன்னு கேட்டேனே.”

“ஒண்ணும் வராத எடமாப் பாத்துல்லா நின்னேன்!”

“அது கோள் போற பாதை அண்ணாச்சி.”

நயினார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீங்க எங்க நின்னிய?”

“நான் நிக்கல. அந்தக் கோளுக்கு முன்னால ஓடிக்கிட்டிருந்தேன்.”

“அவ்வளவு பக்கத்துலயா? உங்களுக்குப் பயமா இல்லியா?”

“கை இன்னும் நடுங்குது. மவுஸைப் பிடிக்க முடியல.”

கேலியாகச் சொல்கிறாரோ என்று நயினார் உற்றுக் கேட்டார். குருவின் மூச்சு நிஜமாகவே இரைத்தது.

நயினார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற பிரமுவைப் பார்த்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவராக நாற்காலியில் சாய்ந்தார்.

“புரிஞ்சுபோச்சு குருவே. இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. கார்த்திகை முடியப் போகுது. இந்த மார்கழி மட்டும் போகட்டும். தை பொறந்ததும் மொத வேலையா டாக்டர்ட்டப் போய் நிக்கேன்.”

ரீங்காரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, கோள் மறுபடி நட்சத்திரத்துக்குப் பின்னால போயிருக்கு,” என்றார் குரு.